நாற்பத்தொன்பது லட்சம் புள்ளி

சிவமயம்

நெற்குப்பை
3.11.2025

ஓசூரில் இருக்கும் தம்பி நாராயணுக்கு,

நெற்குப்பை கண்ணம்மை ஆச்சி எழுதுவது. உன்னை நான் பார்த்ததில்லை. ஆனால் குரல் தெரியும். பேரன் கம்ப்யூட்டரில் விளையாடும்போது மாடியறைக் கதவு வழியா வரும். "எலே, இடது பக்கம் பாருலே, செத்தொழிஞ்சே போ" என்று கத்துவியே, அந்தத் திருநெல்வேலிக் குரல். முந்தின தீபாவளிக்கு மாவுருண்டையும் சீப்புச் சீடையும் டின்னில் போட்டு உனக்கு அனுப்பியது நான்தான். அந்தக் கூரியர்ச் சீட்டு நேற்று அலமாரியில் அகப்பட்டது. அதில் இருந்த விலாசத்துக்குத்தான் இதை எழுதுகிறேன். போனில் பேசினால் பாதியிலேயே வைத்துவிடுவேன். எழுதினால் நிறுத்தி நிறுத்தி எழுதலாம்.

தம்பி, நின்றுகொண்டு படித்தால் உட்கார்ந்துகொள். என் பேரன் போன டிசம்பர் பதினாலாம் தேதி, சனிக்கிழமை, நம்மை விட்டுப் போய்விட்டான். மேலூர்ப் பக்கம், மழை ரோட்டில் வண்டி சறுக்கிவிட்டது. ஒரு வருசம் ஆகப் போகிறது. மகனும் மருமகளும் மஸ்கட்டில் இருந்து வந்து, எல்லாம் முடித்துவிட்டுப் போய்விட்டாக. அவன் போனைத் திறக்க யாருக்கும் தெரியவில்லை. அதனால் உனக்குச் சொல்ல ஆளில்லாமல் போச்சு. மன்னித்துக்கொள்.

பேரை எழுதாமல் பேரன், பேரன் என்கிறாளே என்று நினைக்காதே. அவனுக்கு வைத்தது எங்க வீட்டுச் செட்டியார் பேரு. அவுக பேரை நான் வாயால் சொன்னதில்லை, கையால் எழுதியதும் இல்லை. அவுக போய்ப் பதினெட்டு வருசம் ஆகியும் அப்படித்தான். அதனால் இவனை "அய்யா" என்றுதான் கூப்பிடுவேன். பாரத்தில் பேர் எழுதணும் என்றால் பக்கத்து வீட்டு தேவிகாவைக் கூப்பிட்டு எழுதச் சொல்வேன். அவள் சிரிப்பாள்.

விசயத்துக்கு வாரேன். அவன் பெரிய டிவி மாதிரி நீளமா, லேசா வளைந்த திரை ஒன்று வாங்கினான். அதற்குள் படம் ஓட ஒரு கார்டு வேணும் என்று மதுரைக்குப் போய் வாங்கி வந்தான். அந்த வாரமே அதைத் திரும்பக் கட்டிப் பையில் வைத்துக்கொண்டு போனான். போன வழியில்தான் இப்படி. பையைப் போலீஸ்காரர் என்னிடம் கொடுத்தாக. டப்பாவில் ஒரு மூலை நசுங்கியிருக்கு, உள்ளே கார்டு நல்லா இருக்கு.

எனக்கு ரெண்டு தெரியணும்.

தை மாசம் எங்க வீட்டில் படைப்பு. இறந்தவுகளுக்குப் புதுத்துணி எடுத்து, பிடித்ததைச் சமைத்து, இலை போட்டு வைப்போம். துணியை ஓலைப் பேழையில் பத்திரப்படுத்துவோம். இந்த வருசம் என் பேரனுக்கும் உண்டு. வேட்டி துண்டோடு அவன் ஆசைப்பட்ட கார்டையும் வைக்கப் போகிறேன். பங்காளி வீட்டு நாச்சியப்பன், "ஆச்சி, படைப்பிலே கம்ப்யூட்டர் சாமானா? அப்புறம் கரண்டுக் கனெக்சனும் கேப்பாக" என்கிறான். கேட்டால் கொடுப்பேன் என்றேன். வாங்கினதைத் திருப்பக் கொண்டுபோனானே, அப்போ அவன் ஆசைப்பட்டது எந்தக் கார்டு என்று நீ சொல்லு.

ரெண்டாவது, அவன் ஏன் திருப்பிக் கொடுக்கப் போனான்? முதல் நாள் சாயங்காலம் நான் வைதேன். "அந்தக் கறுப்புப் பலகைக்கு முன்னாடி ஊரெல்லாம் பேசுறே, என்கிட்டே நாலு வார்த்தை பேசுறியா? இதுக்கு ஒரு கார்டு வேறயா?" என்றேன். அவன் மாடிக்குப் போய்விட்டான். காலையில் பையோடு கிளம்பினான். நான் வைததுக்காகப் போனானா, தம்பி? பதினொரு மாசமா இந்த ஒரு கேள்வியோடுதான் அடுப்புப் பற்ற வைக்கிறேன்.

இப்படிக்கு,
கண்ணம்மை

---

ஓசூர்
12.11.2025

அன்புள்ள ஆச்சிக்கு,

எங்க ஊரிலும் பாட்டியை ஆச்சி என்றுதான் சொல்வோம். அதனால் கூப்பிட எனக்குக் கூச்சமில்லை. உங்க கடிதம் கம்பெனி கேட்டில் வாங்கினேன். உட்கார்ந்து படிக்கச் சொல்லியிருந்தீங்க. நான் நின்னுக்கிட்டேதான் படிச்சேன். அப்புறம் செக்யூரிட்டி அண்ணன்தான் நாற்காலி போட்டார்.

சிவம் என்மேல் கோபமா இருக்கான்னு இத்தனை நாள் நினைச்சுக்கிட்டிருந்தேன். அவன் விளையாட்டுக்கு வந்தா, அவன் பேருக்குப் பக்கத்துல ஒரு பச்சைப் பொட்டு எரியும். டிசம்பரிலிருந்து எரியவே இல்லை. மெசேஜ் போட்டேன், திட்டிப் போட்டேன், மன்னிப்புக் கேட்டும் போட்டேன். நாலு வருசம் தினமும் பேசினோம், ஒருநாள் கூட நேர்ல பாக்கலை. அவன் எவ்வளவு உயரம்னு கூட எனக்குத் தெரியாது ஆச்சி.

நீங்க கேட்டதுக்கு வாரேன். திரையில படம்கிறது புள்ளி புள்ளியா இருக்கும், கோலம் மாதிரி. சாதாரணத் திரையில குறுக்கே 1920 புள்ளி, நெடுக்கே 1080. சிவம் வாங்கின அகலத் திரையில குறுக்கே 3440, நெடுக்கே 1440. விளையாட்டு ஓடுறப்ப இந்தப் புள்ளி எல்லாத்துக்கும் ஒரு நொடிக்கு அறுபது தடவையாவது நிறம் மாத்தணும். அந்த வேலையைச் செய்றதுதான் கார்டு. அவன் வாங்கினது எட்டு ஜிபி மெமரி உள்ளது. சின்னத் திரைக்கு ஜோரா ஓடும். இந்தத் திரைக்குத் திக்கும். பன்னிரண்டு ஜிபியாவது வேணும்.

பதினாறு ஜிபி, மூணு விசிறி வச்சது இன்னும் நல்லது. ஆனா அது கரண்டை நிறையக் குடிக்கும். அவன் கம்ப்யூட்டர் பெட்டியில இருக்கிற பவர் சப்ளை தாங்காது, அதையும் மாத்த வேண்டியிருக்கும். நீளமும் அதிகம். பெட்டிக்குள்ள பிடிக்குமான்னு பாக்கணும். முடிஞ்சா பெட்டியோட நீளத்தை அளந்து எழுதுங்க. என் யோசனை, பன்னிரண்டு ஜிபி, ரெண்டு விசிறி வச்சது. அவன் ஆசைப்பட்டதும் அதுதான். கடைசி வாரம் முழுக்க அதைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருந்தான்.

கார்டை நானே வாங்கி அனுப்புறேன் ஆச்சி. மாவுருண்டை டின் இன்னும் என்கிட்டதான் இருக்கு, ஸ்க்ரூ போட்டு வச்சிருக்கேன்.

உங்க பேரன் மாதிரி,
நாராயண்

---

சிவமயம்

நெற்குப்பை
20.11.2025

அன்புள்ள நாராயணுக்கு,

காயிதம் வந்தது. பெட்டியை அளந்தேன். தச்சு வேலைக்கு வந்த சோணை டேப் கொடுத்தான். உள்ளளவு பதிமூணு அங்குலம். "என்ன ஆச்சி, பீரோ செய்யணுமா" என்றான். ஆமா, விளையாட்டுக்குப் பீரோ என்றேன்.

நீ எழுதின கணக்கையும் போட்டுப் பார்த்தேன். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். ஆனால் வட்டிக்கடைக் கணக்கு எழுதுற வீட்டில் பிறந்தவள், பெருக்கல் மறக்கவில்லை. சின்னத் திரைக்கு இருபது லட்சத்து எழுபத்து மூவாயிரத்து அறுநூறு புள்ளி. என் பேரன் திரைக்கு நாற்பத்தொன்பது லட்சத்து ஐம்பத்து மூவாயிரத்து அறுநூறு. ரெண்டேகால் மடங்குக்கும் மேலே. ஒரு நொடிக்கு அறுபது தடவை என்கிறாய். பாவம், அந்தக் கார்டு என்ன செய்யும்? ஒரு கல்யாணத்துக்கு ஒரே ஒரு சமையல்காரனை விட்டமாதிரி.

ஆனால் தம்பி, நான் கேட்டது ரெண்டு. நீ நாலு பக்கம் எழுதி ஒன்றுக்குத்தான் பதில் சொல்லியிருக்கிறாய். ஒரு கேள்வியை விட்டால் வாத்தியார் சும்மா விடமாட்டார், அது அஞ்சாம் வகுப்பிலேயே தெரியும். அவன் ஏன் போனான் என்று கேட்டேன். கடைசி வாரம் முழுக்க உன்னோடு பேசியிருக்கிறான். உனக்குத் தெரியாமல் இருக்காது.

நான் வைததுக்காகத்தான் போனான் என்றால் அப்படியே எழுது. எனக்கு இளகின மனசு, வயசானவள் என்று மறைக்காதே. ரெண்டு சாவைத் தாங்கின உடம்பு இது. தெரியாமல் இருப்பதைத்தான் தாங்கலை. மருமகள் போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போனாள். அவளுக்கும் அந்தச் சந்தேகம்தான். தை மாசம் அவன் இலைக்கு முன்னால் நின்று நான் என்ன சொல்லணும் என்று எனக்குத் தெரியணும். மன்னிப்புக் கேட்கணுமா, வேண்டாமா?

கார்டு நீ வாங்க வேண்டாம். கேட்டதற்குப் பதில் மட்டும் போதும்.

கண்ணம்மை

---

ஓசூர்
4.12.2025

ஆச்சிக்கு,

ரெண்டு தடவை எழுதிக் கிழிச்சேன்.

நீங்க வைததுக்காக அவன் போகலை. அதைப் பத்தி அவன் என்கிட்டே சொன்னான், சிரிச்சுக்கிட்டே. "ஆச்சிக்குப் பொறாமைலே, அந்தத் திரையைப் பாக்கிற நேரம் தன்னைப் பாக்கலையாம். லீவுல கூட்டிக்கிட்டுப் பிள்ளையார்பட்டி போய்ட்டு வரணும்" னான். அவ்வளவுதான். கோபமே இல்லை. இதை முதல் கடிதத்திலேயே நான் எழுதியிருக்கணும். எழுதினா அடுத்ததையும் எழுத வேண்டி வரும்னுதான் விட்டுட்டேன்.

போகச் சொன்னது நான்.

வெள்ளிக்கிழமை ராத்திரி கார்டை மாட்டி, விளையாட்டை ஓட்டினான். திக்கித் திக்கி ஓடிச்சு. நான் சிரிச்சேன். "டவுன் பஸ் டிக்கெட்டை வச்சுக்கிட்டு பிளேன்ல ஏறப் பாத்தியோ" னேன். கூட விளையாடினவங்க எல்லாம் சிரிச்சாங்க. அவனுக்கு ரோசம் வந்துட்டு. கடையில ஏழு நாளைக்குள்ள மாத்திக்கலாம், மறுநாளோட ஏழு நாள் முடியுது. "மழை பெய்யுது, திங்கக்கிழமை கேட்டுப் பாக்கேன்" னான். "திங்கக்கிழமை உன் மூஞ்சியைப் பாத்து மாத்திக் கொடுப்பானா? காலைல கிளம்பிப் போய்ட்டு வாலே" னு சொன்னது நான்தான்.

இன்னொண்ணும் இருக்கு. அந்தக் கார்டுலயே விளையாடியிருக்கலாம். திரை முழுக்க ஓட்டாம, ரெண்டு பக்கமும் கறுப்பா விட்டுட்டு நடுவுல மட்டும் படம் வர மாதிரி வச்சா, புள்ளி குறையும். குறுக்கே 2560 போதும். மத்த அமைப்பையும் கொஞ்சம் குறைச்சா திக்காம ஓடியிருக்கும். எனக்கு அது அன்னைக்கே தெரியும். சொல்லலை. அகலத் திரை வாங்கிட்டுக் கறுப்பு விட்டு விளையாடுறது எங்களுக்குள்ள ஒரு கேவலம். அவ்வளவுதான் காரணம்.

நான் தேர்ந்தெடுத்த கார்டை அவன் படைப்பிலே வைக்காதீங்க ஆச்சி. உங்க மருமகள்கிட்டே இந்தக் கடிதத்தைக் காட்டுங்க.

நாராயண்

---

சிவமயம்

நெற்குப்பை
2.1.2026

நாராயணுக்கு,

உன் காயிதம் வந்து ஒரு மாசம் ஆகப் போகிறது. உடனே பதில் எழுதாததுக்குக் காரணம் இருக்கு. கோபம்.

முதலில் கோபம் வரவில்லை. "ஆச்சிக்குப் பொறாமை" என்றானாமே, அதை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். உள்ளதுதான், எனக்குப் பொறாமைதான். மறுநாள் காரைக்குடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பாண்டிமுருகனை வரச்சொல்லி, நசுங்கின டப்பாவில் இருந்த கார்டை மாட்டச் சொன்னேன். நீ எழுதினபடி ரெண்டு பக்கமும் கறுப்பு விட்டு ஓட்டிக் காட்டினான். நானும் கணக்குப் போட்டேன். முப்பத்தாறு லட்சத்து எண்பத்தாறாயிரத்து நானூறு. நாலில் மூணு பங்கு கூட வரவில்லை. படம் திக்காமல் ஓடிச்சு, தம்பி. ஒரு குதிரை, புல்வெளியில், தண்ணி மாதிரி ஓடிச்சு. "போதுமா ஆச்சி, இன்னும் ஓட்டணுமா" என்று பாண்டிமுருகன் கேட்டான். எனக்கு அப்போதுதான் வந்தது கோபம். ஆக, அவன் போயிருக்கவே வேண்டாம். மூணு நாள் உன்னை வாய்விட்டு வைதேன். இந்த வீட்டில் எவ்வளவு கத்தினாலும் வெளியே கேட்காது. ரெண்டு பக்க அறையும் பூட்டிக் கிடக்கு, நடுவில் நான் ஒருத்திதான் நடமாடுறேன், அந்தத் திரை மாதிரி.

நாலாம் நாள் வைய வாய் வரவில்லை. காரணம் சொல்கிறேன். நீ உள்ளதை எழுதிவிட்டாய். நானும் எழுதணும். இதை என் மகனிடம் கூடச் சொன்னதில்லை.

அன்றைக்குக் காலையில் அவன் வண்டியை எடுத்துவிட்டான். நான் கதவுக்குப் பின்னால் பார்க்கிறேன், ஹெல்மெட் ஆணியில் தொங்குது. எடுத்துக்கொண்டு முகப்புக்கு ஓடினேன். அவன் தெரு முக்கில் வேகத்தடைக்கு மெதுவாக்கினான். "அய்யா! அய்யா!" என்று கூப்பிட்டேன். தெருவில் பால்காரர் போனார், அவரும் அய்யாதான். சொசைட்டிக்காரர் அங்குட்டு நின்றார், அவரையும் அய்யா என்றுதான் கூப்பிடுவேன். அவுக ரெண்டு பேரும் திரும்பிப் பார்த்தாக. அவன் திரும்பவில்லை.

பேரைச் சொல்லியிருந்தால் திரும்பியிருப்பான். வாய் வரைக்கும் வந்தது. பால்காரரும் சொசைட்டிக்காரரும் பார்த்துக்கொண்டிருந்தாக. செட்டியார் பேரை நடுத்தெருவில் நின்று கத்துவதா என்று வாய் மூடிக்கொண்டது. அதற்குள் வண்டி முக்குத் திரும்பிவிட்டது. ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சொசைட்டிக்காரர், "என்ன ஆச்சி, கூப்பிட்டீகளா?" என்றார். இல்லை என்றேன்.

போகச் சொன்னவன் நீ. நிறுத்தாமல் விட்டவள் நான். அவனுக்குத் தலையில்தான் அடி. இப்போது சொல்லு, யார் யாரை வைவது?

நீ தினமும் அவன் பேரைச் சொல்லிக் கத்துவாய். வாய் ஓயாமல். மாடிப்படியில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டே கேட்பேன். நான் சொல்ல முடியாத பேரை ஒரு பிள்ளை இத்தனை உரிமையா சொல்றானே என்று சந்தோசமா இருக்கும். அதற்குத்தான் மாவுருண்டை அனுப்பினேன், உனக்குத் தெரியாது.

தை பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை, பிப்ரவரி ஒன்று, படைப்பு. இலை போட்டதும் பேரைச் சொல்லி அழைக்கணும். பங்காளிகள் செய்வாக. ஆனால் அவன் கேட்டுத் திரும்பிய குரல் உன்னுடையது. நீ வந்து கூப்பிடு. பெரிய கார்டு எதுவும் வேண்டாம். அவன் கையால் வாங்கின எட்டு ஜிபியே வைக்கப் போகிறேன்.

மருமகளுக்கு உன் காயிதத்தைக் காட்டவில்லை. நான் வைததால் அவன் போகவில்லை என்று மட்டும் போனில் சொன்னேன். அழுதாள். "சாப்பிட்டீகளா" என்று கேட்டாள். ஒரு வருசத்துக்கு அப்புறம் கேட்டாள்.

வந்துவிடு.
கண்ணம்மை ஆச்சி

---

ஓசூர்
3.2.2026

ஆச்சி,

வந்தேன். திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன். நெற்குப்பை பஸ் எதிர்ல நின்னுச்சு. கண்டக்டர் ரெண்டு தடவை கேட்டார், ஏறுறியா தம்பின்னு. நான் ஏறலை. அந்த வீட்டுல அவன் படம் மாட்டியிருக்கும். அவன் எவ்வளவு உயரம்னு படத்துல பாத்துத் தெரிஞ்சுக்கணுமான்னு இருந்துச்சு. பதினொரு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்துட்டு ஓசூருக்கே திரும்பிட்டேன்.

விளையாட்டை நிறுத்திட்டேன். என் திரையை வித்துட்டேன்.

என்னை மறந்துடுங்க.

நாராயண்

---

சிவமயம்

நெற்குப்பை
11.2.2026

அன்புள்ள நாராயணுக்கு,

திருப்பத்தூர் வரை வந்தவன் சாப்பிட்டாயா என்று எழுதவில்லையே. அன்றைக்கு இங்கே முப்பது இலை விழுந்தது. பருப்பு, கவுனியரிசி, கருணைக்கிழங்கு மசியல், அவனுக்காகப் பால்பணியாரம். உனக்கு ஒரு இலை தனியாப் போட்டு, பன்னிரண்டு மணி வரை ஈ ஓட்டினேன்.

நீ வரவில்லை. நாச்சியப்பன் கூப்பிட முன்னால் வந்தான். நான் இரு என்றேன். வேட்டி, துண்டு, பக்கத்தில் மூலை நசுங்கின டப்பா. எல்லாரும் நிற்கிறாக. செட்டியாரிடம் மனசுக்குள் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு, வாயைத் திறந்து கூப்பிட்டேன்.

கார்த்திகேய சிவம்.

எழுபத்து நாலு வயசில் முதல் தடவை. பொம்பளைகள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டாக. தேவிகா அழுதுவிட்டாள். இன்னொரு தரம் சத்தமாக் கூப்பிட்டேன். அன்றைக்கு வாசக் கதவு திறந்து கிடந்தது, தெரு வரைக்கும் கேட்டிருக்கும். யாரும் திரும்பவில்லை. திரும்ப யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும், தம்பி. ஆனால் கூப்பிட்டுவிட்டேன். இந்தக் காயிதத்திலும் நானே எழுதினேன், தேவிகாவைக் கூப்பிடவில்லை.

உன்னை எப்படி மறப்பது? அவன் பேரைச் சொல்லிச் சிரித்தவர்களில் எனக்கு விலாசம் தெரிந்தவன் நீ ஒருத்தன்தான்.

ஒன்று சொல்லணும். இந்த வருசம் பேழையில் வைத்ததை அடுத்த தையில் எடுத்துவிட்டுப் புதுசு வைப்போம். எடுத்ததை வீட்டு மனுசர் ஒருத்தர் உடுத்தணும், அது எங்க வீட்டு வழக்கம். வேட்டியை என் மகன் கட்டிக்குவான். கார்டு உனக்கு. கூரியரில் அனுப்பமாட்டேன், நேரில் வந்துதான் வாங்கணும். அதுக்குள்ளே ஒரு திரை வாங்கிக்கோ, சின்னதாப் போதும். இருபது லட்சம் புள்ளிக்கு அந்தக் கார்டு ஜோரா ஓடும் என்று நீதானே எழுதினாய்.

வண்டியில் வராதே, பஸ்ஸில் வா. திருப்பத்தூரில் உட்காராதே, எதிரில் நிற்கிற பஸ்ஸில் ஏறு. எங்க வீட்டு மணி ரிப்பேர், கதவைத் தட்டினாலும் உள்கட்டு வரைக்கும் கேட்காது. வாசலில் நின்று அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடு. நான் வந்து திறக்கிறேன்.

கண்ணம்மை ஆச்சி